தழும்பும் உயிர்ப்பும்
பாரிசு பேராலயப் புதுப்பிப்பு குறித்து ஒரு திறனாய்வு

பரங்கிமலைத் திருத்தலத்தின் படிகளில் ஏறும் நாம், அறிந்தோ அறியாமலோ, ஒரு கேள்வியை நோக்கியே ஏறுகின்றோம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று உடன் சீடர்கள் மகிழ்ந்து கூறியபோது, ஆணி துளைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி ஏற்க இயலாது என்றவர் தோமா. அதன் பொருட்டே 'ஐயுற்ற தோமா' என்று உலகம் அவருக்குப் பெயர் சூட்டிற்று. ஆயினும் அவர் கேட்டது எதனை என்று சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஒளி வீசும் முகத்தை அவர் கேட்கவில்லை. வியத்தகு அடையாளம் எதனையும் கேட்கவில்லை. காயத்தைக் கேட்டார். ஆண்டவரும் அதனை மறைக்கவில்லை. சாவை வென்று எழுந்த உடலில், சாவு விட்டுச்சென்ற தழும்பு அப்படியே இருந்தது. அத்தழும்பைக் கொண்டே, சிலுவையில் மாண்டவரும் தம்முன் நிற்பவரும் ஒருவரே எனத் தோமா தெளிந்தார்.

அம்மலையின் வரலாற்றிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1547-ஆம் ஆண்டு, போர்த்துக்கீசியர் காலத்தில், அங்கே கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது பகலவி எழுத்துகள் சூழ்ந்த பழங்கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. புதிய கோவிலின் அழகுக்கு ஒவ்வாத பழங்கல் என்று அதனை எவரும் ஒதுக்கிவிடவில்லை. அதனையே பீடத்தில் பதித்தனர். நூற்றாண்டுகள் பல கடந்தும் மக்கள் அதன்முன் மண்டியிடுகின்றனர். புதியது பழையதைத் தன் நெஞ்சில் ஏந்தி நிற்பதற்கு இதனினும் நல்ல சான்று நம் மறைமாவட்டத்தில் வேறில்லை.

இவ்விரண்டையும் முன்வைத்துத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பழம்பெரும் ஆலயம் ஒன்று தீயில் வெந்து, மீண்டும் எழுப்பப்படும்போது, அப்பணி நன்றாகச் செய்யப்பட்டதா என்று எதைக்கொண்டு அளப்பது? செலவைக் கொண்டா, வேகத்தைக் கொண்டா, பளபளப்பைக் கொண்டா? தோமா கேட்ட கேள்வியே நமக்குரிய அளவுகோல் என்பது என் கருத்து. எழுந்து நிற்பது முன்பு இருந்ததுதானா? அதனைத் தொட்டறிய ஒரு தழும்பேனும் விடப்பட்டிருக்கின்றதா? இந்த அளவுகோலைக் கையிலெடுத்துப் பாரிசு நோத்ர தாம் பேராலயத்தின் புதுப்பிப்பை நோக்க விழைகின்றேன். நான் அங்குச் சென்றவனல்லன்; தொலைக்காட்சி வழியாகவும் படங்கள் வழியாகவும் கண்டவன். ஆயினும் நம் கடற்கரையில் நின்று அதனைப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. இறுதியில் கேள்வி நம்மை நோக்கியே திரும்பும்.

எரிந்ததும் எஞ்சியதும்

2019 ஏப்ரல் 15. புனித வாரத்தின் திங்கட்கிழமை. பேராலயத்தில் மாலைத் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. எந்தப் பகுதியின் மேற்கூரையில் தீ என்பதைக் காவலர் பிழையாகப் புரிந்துகொண்டு வேறிடத்தில் தேடினர். அரை மணி நேரம் அளவுக்கு வீணாயிற்று. அதற்குள் ஓக் மரத்தாலான பழங்கூரை முழுவதும் பற்றிக்கொண்டது. மரங்களின் நெருக்கத்தால் 'காடு' என்றே அழைக்கப்பட்ட கூரைச் சட்டகம் அது. எட்டு மணியை நெருங்கும் வேளையில் கோபுரக் கூம்பு முறிந்து, கல் வளைவுகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. தீக்கு மின்கசிவு காரணமா, அணைக்கப்படாத புகைத்துண்டு காரணமா என்பது உறுதிப்படவில்லை.

எரிந்தவற்றைப் போலவே எஞ்சியவையும் நினைவில் நிற்கத் தக்கன. கல் வளைவுகளில் பெரும்பகுதி தாங்கி நின்றது. ஏறத்தாழ எட்டாயிரம் குழல்கள் கொண்ட பெரிய ஆர்கன் இசைக்கருவி எரியாமல் தப்பியது. தீயணைப்புப் படையின் ஆன்ம குரு முட்கிரீடத் திருப்பண்டத்தையும் நற்கருணையையும் மீட்பதில் பங்கேற்றார். இடிந்து விழுந்த வளைவுக்கு மிக அருகே நின்ற பதினான்காம் நூற்றாண்டு அன்னையின் சிலை, கையில் குழந்தையுடன் சிதையாது நின்றது. மறுநாட் காலை வெளியான படங்களில் கரியும் இடிபாடும் சூழ அவ்வன்னை நின்ற கோலத்தைக் கண்டு கண்கலங்காதோர் குறைவு.

அதன்பின் நடந்ததை உலகறியும். 150 நாடுகளைச் சேர்ந்த 3,40,000 பேர் 84 கோடி யூரோவுக்கும் மேல் வழங்கினர். தீக்கு முன்பே கோபுரத்தைச் சுற்றி நின்றிருந்த சாரக்கட்டின் 40,000 இரும்புத் துண்டுகள் வெப்பத்தால் உருகி ஒட்டிக்கிடந்தன. 2020-ஆம் ஆண்டில் தொழிலாளர் கயிற்றில் தொங்கியபடி அவற்றை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தனர். பணியைத் தலைமையேற்று நடத்திய தளபதி ழார்ழெலென் 2023 ஆகஸ்டில் மலையேற்ற விபத்தில் இறந்தார், வேலை நிற்கவில்லை. 2024 டிசம்பர் 7 மாலை பாரிசுப் பேராயர் உல்ரிச் மூடிய கதவைத் தட்டினார், கதவு திறந்தது. மறுநாள், அமல உற்பவ அன்னையின் திருநாளில், புதிய பீடம் நேர்ந்தளிக்கப்பட்டது.

கைகளின் வெற்றி

இப்புதுப்பிப்பின் தலையாய பெருமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றது. கீழே நின்று இறைவேண்டல் செய்பவர் எவரும் காண முடியாத கூரைச் சட்டகம் அது. ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் அதற்காகவும் கோபுரத்துக்காகவும் வெட்டப்பட்டன. பொதுமண்டபத்தின் மேலும் திருப்பீட மண்டபத்தின் மேலும் அமைந்த உத்தரங்களைத் தச்சர்கள் கோடரி கொண்டே செதுக்கினர். இதற்கெனப் பழைய வடிவிலேயே கோடரிகள் வடிக்கப்பட்டன. எந்திரத்தால் அறுத்திருந்தால் விரைவாக முடிந்திருக்கும். ஆனால் கோடரி மரத்தின் நரம்போட்டத்தைப் பின்பற்றிச் செல்லும். வாள் அதனைக் குறுக்கே வெட்டிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தச்சன் மரத்தோடு நடத்திய உரையாடலை, இருபத்தோராம் நூற்றாண்டுத் தச்சன் மீண்டும் கற்றுக்கொண்டான். எவரும் காணாத இடத்தில் இத்தனை உண்மையாக உழைப்பதற்குப் பெயர் வழிபாடு என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இது இயன்றதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அளவுகள் இருந்தன. தீ விபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு இளங்கட்டடக் கலைஞர்கள் அக்கூரையை உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்து வைத்திருந்தனர். அவர்களுள் ஒருவரான ரெமி ஃபுரொமோன் பின்னர்ப் புதுப்பிப்புப் பணியிலேயே தலைமைக் கட்டடக் கலைஞர்களுள் ஒருவரானார். அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன் லேசர் கருவியால் பேராலயம் முழுவதையும் அளந்திருந்தார். தீ விபத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன் அவர் காலமானார். எரியப்போகின்றது என்று அறியாமலே, அன்பினால் அளந்தவர்கள் இவர்கள். இரண்டாவது, கைகள் இருந்தன. தச்சும் கல்தச்சும் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவிக்கப்படும் மரபு பிரெஞ்சு நாட்டில் அறுபடாமல் இருந்தமையால்தான் பணமும் பயன்பட்டது. கைகள் இல்லாவிடில் 84 கோடி யூரோவைக் கொண்டு ஒரு காட்சிக்கூடத்தைக் கட்டியிருக்கலாம். அந்த ஆலயத்தைக் கட்டியிருக்க இயலாது.

எரிந்த கோபுரத்துக்கு மாறாகக் கண்ணாடிக் கோபுரம் அமைக்கலாம், கூரையில் தோட்டம் அமைக்கலாம் என்றெல்லாம் தொடக்கத்தில் பலர் வரைந்து காட்டினர். 2020 ஜூலையில், முன்பிருந்தபடியே கட்டுவது என முடிவாயிற்று. இம்முடிவு சரியே. எனினும் ஒரு நுட்பமான வினா எழுகின்றது. முன்பிருந்தது என்றால், எப்போது இருந்தது? 1163 அளவில் தொடங்கிய ஆலயம் அது. ஆனால் எரிந்து விழுந்த கோபுரமோ 1859-இல் வியொலே லெ துய்க் எழுப்பியது. பிரெஞ்சுப் புரட்சியின்போதும் அதன் பின்னரும் சிதைந்து கிடந்த பேராலயத்தின் மீது மக்கள் பார்வையைத் திருப்பியது 1831-இல் வெளிவந்த விக்டர் ஹியூகோவின் புதினம். அதன் பின்னர்ப் புதுப்பிக்க வந்த வியொலே லெ துய்க், பழைய கோபுரத்தை அப்படியே நகலெடுக்கவில்லை. தம் கற்பனையில் தோன்றிய கோபுரத்தை எழுப்பினார். ஆகவே, முன்பிருந்தபடி என்பது ஒருவர் கற்பனையை மீண்டும் நிறுவுவதே என்று வாதிடுவோர் உண்டு.

இவ்வாதத்துக்கு விடை கலை நூல்களில் இல்லை. மக்களின் நினைவில் உள்ளது. நூற்றறுபது ஆண்டுகள் அக்கோபுரத்தின் நிழலில் திருமுழுக்குகள் நடந்தன, திருமணங்கள் நடந்தன, அடக்கத் திருப்பலிகள் நடந்தன. தொடக்கத்தில் ஒருவரின் கற்பனையாக இருந்தது, வழிபட்டோரின் நினைவில் தோய்ந்து ஆலயத்தின் உடலாகிவிட்டது. ஓர் ஆலயத்தின் உண்மையான வயது அதன் அடித்தளக் கல்லின் வயதன்று. அங்கே தொடர்ந்து எழுந்த இறைவேண்டலின் வயது. அந்த அளவில் கோபுரத்தை அவ்வாறே எழுப்பியது ஆணவமன்று, பணிவே.

எங்கே அந்தக் காயம்?

ஆனால் உள்ளே நுழைந்ததும் என் மனம் தயங்குகின்றது. சுவர்களில் படிந்த ஈயத் தூசியை அகற்றுவதற்காக ஒருவகை ரப்பர்ப் பசையைப் பூசி உரித்தெடுத்தார்கள். தூசியோடு பல்லாண்டு அழுக்கும் மெழுகுப் புகையும் நீங்கின. இன்று உட்புறம் வெண்மையாக ஒளிர்கின்றது. படங்களைப் பார்த்தவர்கள் வியந்தனர். கட்டியவர்கள் கண்ட நிறம் இதுவே என்று அறிஞர்கள் கூறினர். அது மெய்யாகவும் இருக்கலாம். அழுக்கைப் போற்றுவது பக்தியாகாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கின்றேன்.

எனினும், 1886-ஆம் ஆண்டு கிறிஸ்துமசு நாளன்று, மாலைப் புகழ்மாலை வேளையில், இந்த ஆலயத்தின் தூண் ஒன்றின் அருகே நின்றிருந்தபோதுதான் போல் குளோதெல் என்னும் இளைஞர் இறைநம்பிக்கை பெற்றுப் பின்னர்ப் பெருங்கவிஞரானார். அவர் நின்ற ஆலயம் மங்கிய ஆலயம். அந்த மங்கலில் பல தலைமுறைகளின் மெழுகுதிரிகள் கலந்திருந்தன. அதனை முற்றிலும் துடைத்தது குற்றமன்று. தீயின் அடையாளத்தையும் அதனோடு சேர்த்து முற்றிலும் துடைத்துவிட்டதே என் குறை. உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தை, "இங்கேதான் எரிந்ததா?" என்று கேட்டால், தாய் சுட்டிக்காட்டக் கரிந்த கல் ஒன்றேனும் அந்தத் தூண்களிடையே இருந்திருக்க வேண்டாமா? உருக்குலைந்து கிடைத்த பழைய செப்புச் சேவல் கண்காட்சிக்குச் சென்றது. கோபுரத்தின் உச்சியில் புதிய பொற்சேவல் அமர்ந்தது.

நீதி வழுவாமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதவைத் தட்டப் பேராயர் கையில் ஏந்திய கோல், தீக்குத் தப்பிய கூரை உத்தரத்தின் மரத்தால் செய்யப்பட்டது. எரிந்த வீட்டின் மரம் ஆயனின் கோலாயிற்று. இந்தப் புதுப்பிப்பிலேயே ஆழ்ந்த இறையியல் பொதிந்த செயல் எதுவென்று என்னைக் கேட்டால், பொற்சேவலைச் சொல்லமாட்டேன்; இந்தக் கோலையே சொல்வேன். தழும்பின் பொருளை அறிந்த ஒருவர் அங்கே இருந்திருக்கின்றார்.

இதற்கு எதிர்நிலையான ஒரு சான்று நமக்கு மிக அருகில் இருக்கின்றது. பாரிசு எரிந்த ஆறாம் நாள், அதே ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறன்று, இலங்கையில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. தமிழரும் சிங்களரும் ஒருங்கே மடிந்தனர். கொச்சிக்கடைத் திருத்தலத்தைக் கடற்படையினர் சீரமைத்தனர். ஜூன் 12-ஆம் நாள், அந்தோனியார் திருநாளின் முன்னாளில், அது திறக்கப்பட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாரிசுக்கு இருந்த செல்வமோ கால வசதியோ அங்கே இல்லை. திருநாள் நெருங்கிவிட்டது, மக்கள் வாசலில் நின்றார்கள். கட்டுவாப்பிட்டியில், இறந்தோரின் குருதி தெறித்த இயேசுவின் சிலையை அவர்கள் கழுவவில்லை, வண்ணம் தீட்டவில்லை. கண்ணாடிப் பேழையில் அப்படியே வைத்தார்கள். கலை நுட்பத்தில் பாரிசோடு ஒப்பிட இயலாத எளிய ஆலயம் அது. ஆனால் தோமாவின் கேள்விக்கு அங்கே விடை இருக்கின்றது.

பாரிசில் இன்னொரு பூசலும் எழுந்தது. தென்புறச் சிற்றாலயங்களில் வியொலே லெ துய்க் காலத்துச் சாளரக் கண்ணாடிகள் தீயில் சேதமடையாமல் தப்பியிருந்தன. அவற்றுள் ஆறு சாளரங்களை அகற்றிவிட்டு இக்காலக் கலைஞரின் கண்ணாடி ஓவியங்களைப் பதிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024-இல் நாட்டின் மரபுச் சின்ன ஆணையம் அதனை எதிர்த்தது. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் கிளேர் தபூரே என்ற ஓவியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தூய ஆவியாரின் வருகை கருப்பொருள். புதுக்கலைக்குத் திருச்சபையில் இடமில்லை என்று நான் வாதிடவில்லை. விழுந்த வளைவின் கீழ் நசுங்கிய பீடத்துக்கு மாற்றாகக் கியோம் பார்தே வார்த்த வெண்கலப் பீடம் எளிமையும் உறுதியும் கொண்டது. அதனை மனமார வரவேற்கின்றேன். தீ எடுத்துக்கொண்டதன் இடத்தில் நம் காலம் தன் காணிக்கையை வைக்கலாம். தீயே விட்டுவைத்ததை நாம் அகற்றுவதுதான் பொருந்தாது.

கல்லும் விளக்கும்

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: தழும்பே முக்கியம் என்றால், எரிந்ததை எரிந்தபடியே விட்டுவிடலாமே? இதற்கு விடை காண மாமல்லபுரம் வரை செல்வோம்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்களில் பல இன்று முகம் தேய்ந்து நிற்கின்றன. உப்புக்காற்று தின்றுவிட்டது. தொல்லியல் துறையினர் அலை தடுக்கக் கற்சுவர் அமைத்தார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டார்கள். காகிதக் கூழ் பூசிக் கல்லில் ஊறிய உப்பை உறிஞ்சியெடுத்தார்கள். ஆனால் தேய்ந்த முகத்தை மீண்டும் செதுக்கவில்லை. அவ்வூரிலேயே 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கின்றது. தெருவெங்கும் உளியோசை கேட்கின்றது. செதுக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் செதுக்கவில்லை. அங்கே அடக்கமே அறம்.

அதே ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயிலில் நாள்தோறும் விளக்கெரிகின்றது. அங்கே தளம் ஒழுகினால் செப்பனிட்டாக வேண்டும். சுவர் வெடித்தால் பூசியாக வேண்டும். வழிபாடு ஓய்ந்த கட்டடத்தைக் காயத்தோடு காப்பது முறை. வழிபாடு நடக்கும் இல்லத்துக்கோ கூரை வேண்டும். நோத்ர தாம் இரண்டாம் வகையைச் சார்ந்தது; ஆகவே கூரை வேய்ந்தது கடமை. நம் கோவில்களும் அவ்வகையினவே. எனவே நம் பணி கடினமானது. கூரையும் வேண்டும், தழும்பும் வேண்டும். உயிர்த்த உடலும் அத்தகையதே அன்றோ?

அதனைச் செய்யும் கைகள் நம்மிடம் இல்லையோ என்று ஐயுறுவோருக்குச் சேப்பாக்கத்தைச் சுட்டுவேன். 1768-ஆம் ஆண்டைச் சேர்ந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலாஸ் மகால், 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிர்நீத்தார். மரக்கூரை விழுந்து, சுவர்கள் வெறுமையாய் நின்றன. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புக் காரையும் மரபுவழித் தளமும் கொண்டே அதனை மீட்டெடுத்தனர். அதன்பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்கலாயிற்று. பாரிசுக்குப் போகாமலே, நம் கொத்தனார்களின் கைகளால், நம் மண்ணின் சுண்ணாம்பால், எரிந்த கட்டடம் ஒன்று எழுந்து நிற்கின்றது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். எத்தனை காலம் இருப்பார்கள் என்பது நாம் அவர்களுக்கு வேலை தருவதைப் பொறுத்தது.

தீயினும் கொடியது

இனிக் கேள்வி நம்மிடம் வருகின்றது. நம் வட்டாரத்தில் பழைய கோவில்கள் தீயினால் அழிவது அரிது. பெரும்பாலும் அவற்றை நாமே இடிக்கின்றோம். வெறுப்பினால் அன்று, அன்பினால் இடிக்கின்றோம். பொன்விழாவுக்காக, நூற்றாண்டு விழாவுக்காக, இடநெருக்கடிக்காக இடிக்கின்றோம். பாரிசு எரிந்தபோது உலகம் அழுதது. நம் ஊர்களில் பழைய சுவரில் முதல் கடப்பாரை விழும்போது பட்டாசு வெடிக்கின்றது.

இதனைப் பிறர்மீது குற்றமாகச் சுமத்த எனக்குத் தகுதியில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில் நான் பிறந்த சிற்றூரின் பழைய கோவிலை இடிப்பதென முடிவெடுத்த குழுவில் நானும் ஒருவன். தீர்மானத்தில் என் கையொப்பமும் இருந்தது. மழைக்காலத்தில் தளம் ஒழுகிற்று. திருநாளன்று பாதிப் பேர் வெயிலில் நின்றனர். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் பழையதைச் செப்பனிட்டுப் பக்கவாட்டில் விரிவாக்க இயலுமா என்று ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. அளக்கவில்லை, படம் எடுக்கவில்லை. தேக்கு உத்தரங்கள் பழைய மர வியாபாரியிடம் போயின. மூன்றே நாளில் தரைமட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பளிங்குத் தரையும் உயர்ந்த கோபுரமும் கொண்ட புதிய கோவில் எழுந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

திறப்பு விழாவின் மாலையில், கூட்டம் கலைந்த பிறகு, எங்கள் தெருவின் மூதாட்டி ஒருவர் உள்ளே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். ஏதோ தொலைத்துவிட்டார் போலும் என்று எண்ணி அருகே சென்று, "என்ன பாட்டி தேடறீங்க?" என்று கேட்டேன்.

"எந்த எடத்துல நின்னு தாலி வாங்கினேன்னு பாக்கறேன் தம்பி. தூணை வச்சு அடையாளம் வச்சிருந்தேன். ஒண்ணும் புரியலையே" என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை, குறைகூறலும் இல்லை. அதனால்தான் அது என்னை இன்னும் விடவில்லை. அந்தத் தூண் அவருக்குத் தோமா தேடிய தழும்பு. அந்தத் தூணில் கைவைத்துத்தான், கணவனை இழந்த பிறகும், தம் வாழ்வு இறைவன் முன்னிலையில் நடந்தது என்று அவர் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். அதனை நாங்கள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். தீயாவது எதையேனும் மிச்சம் வைக்கும். நாங்கள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

செய்யக்கூடியவை

பாரிசு நமக்குக் கற்பிப்பது செல்வத்தின் ஆற்றலை அன்று. ஏழைப் பங்கும் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் அளக்கலாம். பங்கிலேயே கட்டடப் பொறியியல் பயிலும் பிள்ளைகள் இருப்பார்கள். கோடை விடுமுறையில் நாடாவும் தாளும் கொண்டு கோவிலின் நீள அகலங்களையும் வளைவுகளையும் வரைந்து, ஒரு படியைப் பங்கிலும் மறுபடியை ஆயர் இல்லத்திலும் வைக்கலாம். நிழற்படங்கள் எடுத்து வைக்கலாம்.

அடுத்து, தீ வரும் வழிகளை அடைக்கலாம். பாரிசில் அரை மணி நேரக் குழப்பம் செய்த கேட்டை மறந்துவிடலாகாது. நம் கோவில்களில் பல்லாண்டுப் பழைய மின்கம்பிகள், திருநாளுக்கு அதிலேயே கூடுதலாக இழுக்கும் இணைப்புகள், வைக்கோல் பரப்பிய கிறிஸ்துமசுக் குடிலுக்குள் இரவெல்லாம் எரியும் சீரியல் விளக்குகள், மரப்பீடத்தை ஒட்டிய மெழுகுதிரித் தட்டு ஆகியவை நாம் அன்றாடம் காண்பவையே. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பின்னர், சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்ட் கொண்டு பூசாதிருக்கலாம். கோவளத்தில் 1808-இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயத்தைப் போல் கடலை ஒட்டி நிற்கும் பழங்கோவில்களுக்கு இது மிகவும் பொருந்தும். சுண்ணாம்பு மூச்சுவிடும், சுவரில் ஏறிய ஈரமும் உப்பும் அதன்வழி வெளியேறும். சிமெண்ட் அதனை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு உள்ளிருந்தே செங்கல்லை அரித்துப் பொடியாக்கும். உறுதிக்கென்று செய்வது சிதைவுக்கு வழியாகும்.

இறுதியாக, இடித்தே தீரவேண்டிய நிலை வந்தாலும் ஒரு தூணையேனும், ஒரு வளைவையேனும், பழைய திருமுழுக்குத் தொட்டியையேனும் புதிய கோவிலுக்குள் நிற்கவிடலாம். பரங்கிமலையில் பழங்கற்சிலுவையைப் பீடத்தில் பதித்தவர்கள் நமக்கு முன்மாதிரி. புதிய கோவிலின் அழகு அதனால் குறையாது.

பாரிசுப் பேராலயம் கண்ணுக்குத் தெரியாத கூரையில் வென்றது. கண்ணுக்குத் தெரியும் சுவரில் தன் காயத்தை மறைத்துக்கொண்டது. வென்ற இடத்தில் அதனைப் பின்பற்றுவோம். மறைத்த இடத்தில் கட்டுவாப்பிட்டியைப் பின்பற்றுவோம்.

என் ஊர்க் கோவிலுக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம், பழைய தூண் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று நானும் இப்போது தேடுகின்றேன். பளிங்குத் தரை எங்கும் ஒரே சீராக இருக்கின்றது. அந்த மூதாட்டி இறந்துவிட்டார். அவருக்குச் சுட்டிக்காட்ட இயலாத இடத்தை எனக்கும் எவரும் சுட்டிக்காட்டப்போவதில்லை. உங்கள் ஊரில் அந்தத் தூண் இன்னும் நிற்கின்றதென்றால், அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒருமுறை அதனைத் தொட்டுப் பாருங்கள்.